நுரையில் ஒரு கவசம்

விண்வெளிப் போர்வீரன் ஒருவன் மேடையில் தோன்றுகிறான். மார்பிலும் தோளிலும் எஃகு நிறத் தகடுகள் மின்னுகின்றன. முகத்தை முழுவதும் மறைக்கும் தலைக்கவசம் வேறு. இவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு இவன் எப்படி நடக்கிறான், எப்படி ஓடுகிறான் என்று வியக்கிறீர்கள். அருகில் சென்று அந்த மார்புத் தகட்டைத் தூக்கிப் பார்த்தால் வியப்பு இன்னும் பெருகும். இரண்டே விரல்களால் தூக்கிவிடலாம்! அது எஃகு அன்று. இலேசான செருப்புகளின் அடிப்பகுதியிலும், குழந்தைகள் தரையில் கோத்து விளையாடும் வண்ணப் பாய்களிலும் உள்ள அதே நுரைப் பிளாஸ்டிக்தான்.

அறிவியல் கதைகளின் மாந்தரைப் போல உடையணிந்து கூடும் வழக்கம் புதியதன்று. 1939-இல் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடைபெற்றது. அதற்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதரின் உடையில் வந்தனர். அவை துணியால் தைத்த உடைகள். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவச வீரர்களுக்கோ, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் பரப்பி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் படியவைக்கும் முறை பயன்பட்டது. அதற்கு அச்சு வேண்டும், பொறி வேண்டும். நுரைத் தகட்டுக்கு இவை எதுவும் தேவையில்லை. கூரிய கத்தி, அளவுகோல், சூடான காற்று, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும். இன்று பல நாடுகளில் இளைஞர்கள் தம் வீட்டிலேயே இத்தகைய கவசங்களைச் செய்கிறார்கள். 'காஸ்ப்ளே' என்பது இக்கலைக்கு வழங்கும் பெயர்.

இந்த நுரைத் தகட்டின் எல்லாச் சிறப்புக்கும் காரணம் அதனுள் அடைபட்டிருக்கும் குமிழிகள். அதை அணிபவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்துக்கும் காரணம் அதே குமிழிகள்தாம். எப்படி என்று பார்ப்போம்.

குமிழிகளின் கூட்டம்

எத்திலீன், வினைல் அசிட்டேட் என்னும் இரண்டு பொருள்களின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் ஒரு மென்மையான பிளாஸ்டிக் கிடைக்கிறது. இரண்டின் பெயரையும் சேர்த்துச் சுருக்கமாக ஈ.வி.ஏ. என்பர். இதனுடன், சூடுபட்டால் வாயுவை வெளிவிடும் வேதிப்பொருள் ஒன்றைக் கலந்து சூடாக்குகிறார்கள். அப்போது வெளிப்படும் வாயு, இட்லி மாவைப் புளிப்பு உப்பச் செய்வதுபோல், இளகிய பிளாஸ்டிக்கை உப்பச் செய்கிறது. ஆறிய பின் ஒவ்வொரு குமிழியும் தனித்தனிச் சிற்றறையாக நின்றுவிடுகிறது. குளியல் பஞ்சில் அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். ஆகவே அது நீரை உறிஞ்சும். ஈ.வி.ஏ. நுரையிலோ அறைகள் மூடியவை. நீரும் காற்றும் ஊடுருவ முடியாது.

ஒரு கன மீட்டர் நுரையின் எடை 100 கிலோகிராம் என்று கொள்வோம். உப்பாத ஈ.வி.ஏ. பிளாஸ்டிக்கில் அதே அளவின் எடை சுமார் 940 கிலோகிராம். அப்படியானால் நுரைத் தகட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வாயுவே! 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் நுரைத் தகடு ஒரு கிலோகிராம்தான் இருக்கும். எஃகுத் தகடு ஒரே மில்லிமீட்டர் கனமாக இருந்தாலும், அதே பரப்புக்கு 8 கிலோகிராமை நெருங்கும்.

தட்டைத் தகடும் வளைந்த உடலும்

கடையில் கிடைப்பது தட்டையான தகடு. நம் தோளும் முழங்காலும் தலையும் வளைந்தவை. தட்டையை எப்படி வளைவாக்குவது?

வேர்க்கடலை விற்பவர் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றித் தருவதைக் கவனித்திருப்பீர்கள். காகிதம் கசங்குவதில்லை, கிழிவதில்லை. ஆனால் அதே காகிதத்தால் ஒரு பந்தை மூடிப் பாருங்கள். மடிப்பும் சுருக்கமுமாக நிற்கும். உருளையும் கூம்பும் தட்டையாக விரியக்கூடிய பரப்புகள். கோளப் பரப்பு அப்படிப்பட்டதன்று. இழுக்காமலும் கிழிக்காமலும் அதைத் தட்டையாக்க முடியாது என்பது, ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் கண்ட ஒரு தேற்றத்தின் விளைவு.

எனவே கவசம் செய்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தையற்காரர் வழி. ரவிக்கையில் 'டாட்' பிடிப்பதுபோல், தகட்டில் ஆப்பு வடிவத் துண்டுகளை வெட்டி நீக்கி விளிம்புகளைச் சேர்ப்பது. ஐங்கோணமும் அறுகோணமுமான 32 துண்டுகளைச் சேர்த்துக் கால்பந்து செய்வதும் இவ்வழிதான். மற்றொன்று, கொல்லர் வழி. சூடாக்கி இளக்கி, இழுத்து வளைப்பது. ஈ.வி.ஏ. சூட்டில் இளகும், ஆறினால் புதிய வடிவில் நிலைக்கும். தலைக்கவசம் போன்றவற்றுக்கு இரண்டு வழிகளும் சேர்ந்தே தேவைப்படும்.

முதல் பாடம்: முன்கைக் கவசம்

தொடக்கத்திலேயே தலைக்கவசத்தில் கை வைக்க வேண்டாம். முன்கைக் கவசமே முதல் முயற்சிக்கு ஏற்றது. ஏனெனில் முன்கை, நுனி வெட்டிய கூம்பு போன்றது. கடலைப் பொட்டலக் கணக்கே போதும்.

மணிக்கட்டின் சுற்றளவையும், முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி முன்கையின் சுற்றளவையும் நூலால் அளந்துகொள்ளுங்கள். கை தளர்வாக இருக்கக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தகட்டுக்குக் கனம் உண்டு. அதை வளையமாகச் சுற்றும்போது உட்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுப்பகுதி ஏறத்தாழ மாறாமல் இருக்கும். ஆகவே கனத்தைப் போல 3.14 மடங்கை இரண்டு சுற்றளவுகளிலும் கூட்டுக. 5 மில்லிமீட்டர் தகடானால் சுமார் 16 மில்லிமீட்டர். இதைக் கூட்டாததால் கை நுழையாமற்போன கவசங்கள் பல!

எல்லாம் கூட்டியபின் மணிக்கட்டுப் பக்கம் 20 செ.மீ., மேற்பக்கம் 30 செ.மீ., நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிறிய சுற்றளவை நீளத்தால் பெருக்கி, சுற்றளவுகளின் வேறுபாட்டால் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும்: 20 × 20 ÷ 10 = 40 செ.மீ. இதனோடு நீளத்தைக் கூட்டினால் வெளிவட்டத்தின் ஆரம் 60 செ.மீ. ஓர் ஆணியில் நூலைக் கட்டி, மறுமுனையில் பென்சிலை வைத்துப் பழைய செய்தித்தாளில் இந்த இரு வட்ட வில்களையும் வரையுங்கள். உள்வில்லில் 20 செ.மீ. நீளம் வரும்வரை எடுத்துக்கொண்டு, இருபுறமும் ஆணியை நோக்கிக் கோடிட்டு வெட்டுங்கள். வெளிவில் தானாகவே 30 செ.மீ. இருப்பதைக் காண்பீர்கள். காகிதத்தைக் கையில் சுற்றிப் பார்த்துத் திருத்திய பிறகே நுரைத் தகட்டைத் தொடுங்கள்.

மொண்ணைக் கத்தி நுரையைப் பிய்த்துவிடும். கூரிய கத்தியால், ஒரே அழுத்தில் வெட்டாமல், இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து வெட்டுங்கள். கத்தி செல்லும் பாதையில் மற்றொரு கை இருக்கக்கூடாது. தகட்டின் பாதிக் கனம்வரை கத்தியால் கோடு கீறி, அதன்மேல் சூடான காற்றை வீசினால் கீறல் தானே வாய் திறந்து பள்ளமாகும். சூட்டில் குமிழிச் சுவர்கள் சுருங்குவதே காரணம். இயந்திரத் தகடுகளின் இணைப்புக் கோடுகள்போல் தோன்றுபவை இப்படி உண்டானவையே.

வளைப்பதற்கு, பெயின்ட் உரிக்கப் பயன்படும் வெப்பக்காற்றுக் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே வீச வேண்டும். தலைமயிர் உலர்த்தும் கருவியின் சூடு பெரும்பாலும் போதாது. தகட்டின் மேற்பரப்பு சற்றே மினுங்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஓர் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் சுற்றி ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். உலோகம் சூட்டை விரைவில் இழுத்துக்கொள்வதால் வடிவம் சீக்கிரம் நிலைத்துவிடும். பருத்திக் கையுறை அவசியம். புகை வந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள், அப்புகையை முகரக்கூடாது. மாணவர்கள் இவ்வேலையைப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

விளிம்புகளை ஒட்ட வேண்டியதில்லை. இருபுறமும் துளைகளிட்டு, மீள்கயிற்றால் காலணிபோல் கோத்துவிடுங்கள். கையை எளிதாக நுழைக்கலாம். இடைவெளி வழியே காற்றும் புகும்.

பசையும் பூச்சும்

பெரிய பகுதிகளை ஒட்டியே தீரவேண்டும். செருப்பு ஒட்டும் மஞ்சள் நிறப் பசையே இதற்கு ஏற்றது. இரண்டு விளிம்புகளிலும் மெல்லப் பூசிச் சுமார் பத்து நிமிடம் உலரவிட வேண்டும். விரலால் தொட்டால் பிசுபிசுப்புத் தெரிந்தும் பசை விரலில் ஒட்டாத நிலையில் சேர்த்து அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு நகர்த்த முடியாது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? பசையைக் கரைத்து வைத்திருக்கும் டொலுவீன், ஹெக்சேன் போன்ற நீர்மங்கள் ஆவியாகி வெளியேறுகின்றன. அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் மூளையும் நரம்புகளும் கெடும். அது எளிதில் தீப்பற்றும்; காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு பரவும். எனவே பசை வேலையை மொட்டை மாடியிலோ திறந்த திண்ணையிலோதான் செய்ய வேண்டும். அருகில் அடுப்போ விளக்கோ வெப்பக்காற்றுக் கருவியோ இருக்கக்கூடாது. தெர்மோகோலில் இப்பசையைத் தடவினால் அது கரைந்து குழிவிழும், ஈ.வி.ஏ. தாங்கிக்கொள்ளும்.

வண்ணம் பூசுமுன், வெள்ளை மரப்பசையில் சிறிது நீர் கலந்து மூன்று நான்கு முறை பூசி உலர்த்துங்கள். பிறகு கறுப்பு வண்ணம். அதன்மேல் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் மட்டும் வெள்ளி வண்ணத்தைத் தேய்த்தால் போதும். உண்மையான உலோகத்தில் உராய்ந்து மினுங்குவது விளிம்புகளே; ஆகவே நம் கண் அதை எஃகு என்று நம்பிவிடுகிறது.

கவசத்துக்குள் வெப்பம்

இனி, முன்னே சொன்ன ஆபத்துக்கு வருவோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். நடந்தால் இது இரண்டு மூன்று மடங்காகும். இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். நுரைக் குமிழிகளில் அடைபட்ட வாயுவோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு கணக்குப் போடுவோம். தோலின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ், வெளிக்காற்று 30 டிகிரி என்று கொள்க. 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர மீட்டர் நுரையின் வழியே வெளியேறும் வெப்பம் சுமார் 20 வாட்தான்! வெளிக்காற்றும் 35 டிகிரியாகிவிட்டால் அதுவும் இல்லை.

வியர்வை காப்பாற்றாதா? ஒரு மணி நேரத்தில் 100 கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 67 வாட் வெப்பம் நீங்கும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாக வழியும் வியர்வையால் அந்தக் குளிர்ச்சி இல்லை. மூடிய அறைகளாலான தகட்டை நீராவி கடக்க முடியாதாகையால், உள்ளே ஈரம் நிறைந்து வியர்வை ஆவியாவதே நின்றுபோகிறது.

உண்மையான விண்வெளி உடைக்கும் இத்துன்பம் நேர்ந்ததுண்டு. 1966 ஜூனில் ஜெமினி 9 விண்கலத்திலிருந்து வெளியேறி மிதந்த யூஜின் செர்னனின் உடையில் வாயுவைச் செலுத்திக் குளிர்விக்கும் ஏற்பாடே இருந்தது. அவர் பட்ட பாட்டுக்கு அது போதவில்லை. முகக் கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறைந்தது. வேலையைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பின்னர் நிலவில் நடந்த அப்பல்லோ வீரர்கள், மெல்லிய குழாய்களில் குளிர்நீர் ஓடும் உள்ளாடையை அணிந்தனர்.

நமக்கு நீர்க்குழாய் வேண்டாம். இறாலைப் பாருங்கள். அதன் ஓடு ஒரே கூடாக இல்லாமல் தனித்தனித் தகடுகளாகவும், இடையிடையே மெல்லிய தோலாகவும் இருக்கிறது. நம் கவசமும் அப்படியே அமையட்டும். அக்குள், முழங்கை, இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைத் திறந்தே விடுங்கள். முதுகுத் தகட்டில் அலங்காரம்போல் பிளவுகள் அமையுங்கள். சூடான காற்று மேலெழும். எனவே தலைக்கவசத்தில் வாய்க்கருகே அகலமான திறப்பும், உச்சியில் ஒரு திறப்பும் வேண்டும். கணிப்பொறியில் உள்ளதுபோன்ற சிறு விசிறியைப் பின்புறம் பொருத்தினால் மிக நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கவசத்தை அணிந்தவரே ஒரு நொடியில் கழற்றக்கூடியவாறு அது இருக்க வேண்டும்.

கவசம் அணிந்தவருடன் எப்போதும் ஒரு துணை இருக்கட்டும். சிறிது நேரம் அணிந்ததும் கழற்றி, நீர் அருந்தி, இளைப்பாற வேண்டும். தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் நாடகம் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். கவசத்தைக் கழற்றி, நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்த பள்ளி ஆண்டு விழாவுக்கு முன் ஒரு முன்கைக் கவசம் செய்து பாருங்கள். அதை அணிந்து பத்து நிமிடம் நடந்தபின், ஒரு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தொடுங்கள். அங்கே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மார்புத் தகட்டில் எத்தனை திறப்புகள் வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.