பதினான்காம் நாளின் எல்லைக்கோடு

மனித உயிர் எப்பொழுது தொடங்குகிறது? இவ்வினா மிகப் பழமையானது. சமயத்தாரும் தத்துவ ஞானிகளும் இதற்குப் பல விடைகள் கூறியுள்ளனர். அவை ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. இனி ஒத்துவிடும் என்று எண்ணுவதற்கும் இல்லை. ஆயினும் நமது காலத்தில் இவ்வினா நூல்நிலையத்தை விட்டு நீங்கிப் பாராளுமன்றத்தினுள் புகுந்துவிட்டது. எல்லோரும் ஒப்பும் விடை இல்லாத ஒரு வினாவுக்குச் சட்டம் எவ்வாறு வழிசெய்ய முடியும்? பிரித்தானியாவின் அனுபவத்தைக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம்.

முதலில் விஞ்ஞானச் செய்தியைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். முட்டையும் விந்தும் சேர்ந்து உண்டாகும் ஒற்றைக் கலம், இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகின்றது. ஐந்தாறு நாட்களில் அது ஏறத்தாழ நூறு கலங்கள் கொண்ட சிறு உருண்டையாகிறது. குண்டூசித் தலையினும் சிறிய இவ்வுருண்டையை முளையம் என்பர். அதன் புறத்தே உள்ள கலங்கள், சிசுவைத் தாயோடு இணைக்கும் சூல்வித்தகத்தை ஆக்குவன. அகத்தே உள்ளவையோ தோல், எலும்பு, நரம்பு, இதயம் என எவ்வுறுப்பாகவும் மாறும் ஆற்றல் படைத்தவை. இவையே முளைய மூலக்கலங்கள். 1998 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சன் என்னும் விஞ்ஞானி, மனித முளையத்திலிருந்து இக்கலங்களைப் பிரித்தெடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார்.

இதனால் விளையக்கூடிய நன்மை பெரிது. நடுக்குவாதத்தால் அழியும் மூளைக் கலங்களையும், நீரிழிவு நோயாளரிடம் செயலிழந்த கணையக் கலங்களையும் புதியனவாக்கிக் கொடுக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. ஆனால், அக்கலங்களைப் பிரித்தெடுக்கும்போது அந்த முளையம் அழிந்துபோகின்றது. இங்கேதான் சிக்கல் எழுகின்றது. கருவுற்ற கணத்திலிருந்தே அது காக்கப்பட வேண்டிய மனித உயிர் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. குழந்தைப்பேறு வேண்டிய தம்பதியர் பயன்படுத்தாமல் விட்ட முளையங்கள் எப்படியும் அழியப்போகின்றன; அவற்றால் நோயாளிகள் நலம் பெறுவதில் தவறென்ன என்பது மற்றையோர் வாதம். இரு சாராரும் மனித உயிரின் மதிப்பை முன்வைத்தே பேசுகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

மூலக்கல ஆராய்ச்சி தோன்றுவதற்கு முன்னரே பிரித்தானியா இவ்வினாவை எதிர்கொண்டது. 1978 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், உடலுக்கு வெளியே கருவூட்டப்பட்ட முதற் குழந்தை அந்நாட்டில் பிறந்தது. முளையங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கத் தொடங்கியமையால், அவற்றை எவ்வாறு நடத்துவது என்னும் வினாவும் உடன் எழுந்தது. 1982 இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் மேரி வார்னொக் அம்மையார். அவர் தத்துவ அறிஞர். ஒக்ஸ்போர்ட் நகரில் ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபராகவும் கடமையாற்றியவர்.

அக்குழு 1984 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அனுமதிப்பத்திரம் பெற்றோர் மாத்திரம் முளையங்களை ஆராயலாம். ஆயின் 14 நாட்களுக்கு மேல் எம்முளையத்தையும் வளர்த்தலாகாது என்பது அதன் முக்கிய சிபார்சு. ஏன் பதினான்கு? ஏறத்தாழ அக்காலத்தை அண்டித்தான் முளையத்தில் ஒரு மெல்லிய கோடு தோன்றுகின்றது. தலைப்புறம் இது, வால்புறம் இது என உடலின் அமைப்பு அதனாலேயே வகுக்கப்படுகின்றது. அதற்கு முன்பு ஒரே முளையம் பிளவுபட்டு இரட்டையர் ஆகவும் கூடும். நரம்புத் தொகுதியோ அரும்பவும் இல்லை. எனவே, தனியொரு மனிதன் என்று சுட்டத்தக்க நிலைக்கு முன்னரே ஆராய்ச்சி நின்றுவிட வேண்டும் என்று குழு கருதியது.

பதின்மூன்றாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் அத்துணை வேறுபாடு உண்டா என்று வினவுவோர் உளர். பாடசாலைக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் குறைந்த பிள்ளை அறிவிற் குறைந்ததன்று. எனினும் கோடு ஓரிடத்தில் விழத்தான் வேண்டும். விழுந்த கோடு அனைவரும் எண்ணி அறியக்கூடியதாகவும், தக்க காரணம் உடையதாகவும் இருந்தால் அதுவே நல்ல விதி. ‘இயன்றவரை மரியாதையோடு நடத்துக’ என்று மாத்திரம் எழுதிவைத்தால், அதனை மீறியவர் யாரென ஒரு நீதிபதியும் தீர்ப்புக் கூற இயலாது.

வார்னொக் குழுவில் எல்லோரும் ஒருமனப்படவில்லை. மாறுபட்ட உறுப்பினர்களின் கருத்துகளும் அதே அறிக்கையிலேயே அச்சிடப்பட்டன. 1985 இல், முளைய ஆராய்ச்சியை முற்றாகத் தடைசெய்ய ஈனொக் பவல் கொண்டுவந்த மசோதா, இரண்டாம் வாசிப்பில் பெரும்பான்மை வாக்குகளையும் பெற்றது. ஆயின் சட்டமாக நிறைவேறவில்லை. நீண்ட விவாதத்தின் பின் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 14 நாள் எல்லையை மீறுவோருக்குப் பத்து ஆண்டுவரை சிறை என அச்சட்டம் விதித்தது. அனுமதி வழங்கவும் மேற்பார்வை செய்யவும் தனி அதிகாரசபை ஒன்றையும் நிறுவியது. கொடிய நோய்களுக்குச் சிகிச்சை காணும் ஆராய்ச்சிக்கும் இடமளித்து, 2001 இல் பாராளுமன்றம் விதிகளை விரிவாக்கியது. மூலக்கல ஆராய்ச்சிக்கு வழி திறந்தது இவ்வாறே.

எல்லா நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றவில்லை. மனித உடலை ஆராய்ச்சியின் பேரால் இழிவுபடுத்திய நாசிகளின் கொடுமையைக் கண்ட ஜேர்மனி, ஆராய்ச்சிக்காக முளையங்களை அழிப்பதை 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. குறித்த திகதிக்கு முன்னர் பிறநாடுகளில் உண்டாக்கப்பட்ட மூலக்கலங்களை மாத்திரம், கடும் நிபந்தனைகளோடு தருவிக்கலாம் என 2002 இல் அந்நாடு விதித்தது. ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றின் வடுவைப் பார்த்தே கோடு வரைகின்றது.

மேற்பார்வை தளர்ந்தால் என்ன நேரும் என்பதைத் தென்கொரியா காட்டியது. குளோனிங் முறையால் மனித மூலக்கலங்களைப் பெற்றதாக 2004 இலும் 2005 இலும் அறிவித்த ஹுவாங் வூ-சுக் என்னும் விஞ்ஞானியை அந்நாடு தேசிய வீரராகப் போற்றியது. அவருடைய சான்றுகள் புனையப்பட்டவை எனப் பின்னர் தெரியவந்தது. அவரது குழுவில் பணிபுரிந்த இளம் பெண்களிடமிருந்தே முட்டைகள் பெறப்பட்டமையும் வெளிப்பட்டது. தலைவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அப்பெண்களுக்கு மெய்யாகவே இருந்ததா? முளையத்தைப் பற்றி மாத்திரம் வாதிட்டுக்கொண்டிருப்போர், முட்டை அளிக்கும் பெண்ணை மறந்துவிடுகின்றனர். நல்ல சட்டம் இருவரையும் நோக்க வேண்டும்.

2006 இல் யப்பானிய விஞ்ஞானி யமனாக்கா, வளர்ந்த எலியின் தோற்கலங்களை மூலக்கலங்கள் போன்ற நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டில் மனிதக் கலங்களிலும் அது கைகூடியது. முளையத்தை அழிக்காத இவ்வழி பலருக்கு ஆறுதல் அளித்தது. எனினும் வினா ஓயவில்லை. நெடுங்காலம் 14 நாள் எல்லையை எட்டும் திறமையே எவருக்கும் இருந்ததில்லை. 2016 இல் முளையங்களைப் பதின்மூன்று நாள்வரை வளர்க்க விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டனர். எல்லையை இனித் தனித்தனியே ஆராய்ந்து தளர்த்தலாம் எனச் சர்வதேச மூலக்கல ஆராய்ச்சிச் சங்கம் 2021 இல் இடங்கொடுத்தது.

கோட்டை மாற்றவே கூடாது என்பது நமது வாதமன்று. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். ஆனால், எட்டாத தூரத்தில் இருக்கும்வரை கோட்டை மதித்துவிட்டு, கைக்கெட்டியவுடன் தள்ளி வைப்போமானால், அது முதலிலேயே கோடாக இருந்ததில்லை என்று பொதுமக்கள் எண்ணுவர். விஞ்ஞானத்தின்பால் அவர்கள் வைத்த நம்பிக்கையும் குலையும். ஆதலால் மாற்றம் வேண்டுமெனில், அது முன்பு கோடு வரையப்பட்டதுபோலவே வரவேண்டும்: பகிரங்கமாக, காரணம் கூறி, மாறுபடுவோரின் குரலையும் அச்சிட்டு. உயிர் எப்பொழுது தொடங்குகிறது என்பதில் ஒன்றுபட முடியாத மக்களும், அதனை எவ்வாறு மதிப்பது என்பதில் ஓர் உடன்பாட்டுக்கு வரலாம்.