மண்ணடுக்கு என்னும் ஏடு

நுழையும்முன்

ஓலைச்சுவடியைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். நிலத்தைப் படிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தருவது தொல்லியல் கல்வி. அதன் தேவையைத் திருவள்ளூர் மாவட்டத்தின் சான்றுகள்வழி இப்பாடம் விளக்குகிறது.

மாறிவரும் நிலம்

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அமைந்துள்ளது தேர்வாய் கண்டிகை. இங்குச் சிப்காட் தொழிற்பூங்கா இயங்குகிறது. சென்னையின் குடிநீர்த் தேவைக்காகக் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் 2020ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. தொழிற்சாலை, சாலை, நீர்த்தேக்கம் ஆகியவற்றை அமைக்க மண்ணைத் தோண்டியே ஆகவேண்டும். தோண்டப்படும் மண்ணில் பழமையின் தடயங்கள் இருக்கக்கூடும் என்பதற்கு இம்மாவட்டத்தின் அதிரம்பாக்கமே சான்றாகும்.

கருவி கிடைத்தது, காலம் கிடைக்கவில்லை

இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டிலேயே கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்திலும் அவரும் அவருடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டறிந்தனர். இந்தியாவில் பழங்கற்கால மாந்தர் வாழ்ந்தமை இதனால் உறுதியாயிற்று. எனினும், அவர்கள் எத்தனை ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தனர் என்னும் வினாவிற்கு அன்று விடை கிடைக்கவில்லை.

விடை சொன்ன மண்

1999ஆம் ஆண்டு முதல் தொல்லியலறிஞர் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அங்கு அகழாய்வு மேற்கொண்டனர். குழியின் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே அகழ்ந்து, ஒவ்வொரு கருவியும் கிடைத்த ஆழத்தையும் இடத்தையும் பதிவு செய்தனர்.

நிலப்பரப்பில் கிடக்கும் குவார்ட்சுக் கற்களில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய ஐசோடோப்புகள் உருவாகின்றன. கல் ஆழப் புதைந்தபின் கதிர்கள் படுவது நின்றுவிடும். சேர்ந்தவை சிதையத் தொடங்கும். பெரிலியத்தைவிட அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகச் சிதையும். ஆகவே, இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலத்தைக் கணக்கிடலாம். இம்முறையால் அதிரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் அறிவிக்கப்பட்டது. மேலடுக்குகளில் கிடைத்த இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மரபைச் சார்ந்தவை என 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது.

ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்த வினாவிற்கு விடை கிடைத்தது எதனால்? கருவிகள் தம் அடுக்கிலேயே கலையாமல் இருந்தமையால்தான். அம்மண் முன்பே அள்ளப்பட்டிருந்தால் கருவிகள் எஞ்சியிருக்கும். அவற்றின் காலம் அழிந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தில் தொல்லியல்

சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புணே டெக்கான் கல்லூரி முதலியவற்றில் தொல்லியல் கற்பிக்கப்படுகிறது. அகழாய்வு நெறி, கல்வெட்டியல், நாணயவியல், பானையோட்டு ஆய்வு ஆகியவற்றை மாணவர் பயில்கின்றனர். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய எழுத்துகளைப் படிக்கவும் பழகுகின்றனர். களப்பயிற்சியில் குழியை அளந்து கட்டமிடுதல், மண்ணின் நிறமும் தன்மையும் மாறும் இடத்தை அறிதல், மண்ணைச் சலித்தல், வரைபடம் வரைதல் ஆகியவற்றைக் கைப்படச் செய்கின்றனர். காலக்கணிப்பிற்கு இயற்பியலும் வேதியியலும் துணைபுரிகின்றன. பழங்கால விதைகளை இனங்காணத் தாவரவியல் உதவுகிறது. எனவே, இத்துறை வரலாறு பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று.

தெரியுமா?

திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது. கொசஸ்தலையாற்றுப் பகுதிக் கற்கருவிகளை அங்குக் காணலாம்.

நம் கடமை

அகழாய்வும் ஒருவகையில் அழிவே. அகழ்ந்த அடுக்கை மீண்டும் அமைக்க இயலாது. பதிவு செய்யப்படுவதால்தான் அது ஆய்வாகிறது. வளர்ச்சிப் பணிகள் வேண்டியவையே. அவை தொடங்குமுன் நிலத்தை ஆராய்ந்து பதிவு செய்யப் பயிற்சி பெற்றோர் வேண்டும். அதுவரை, வித்தியாசமான கல்லோ பானையோடோ கண்ணில் பட்டால் அதை எடுத்துச் செல்லாமல், இருந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது மாணவர் ஒவ்வொருவராலும் இயலும் பணியாகும்.