வண்டி பின்னால் தாழ்கிறதா? முதலில் சோப்பு நீர்!

குளுவாங்கில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் இருபது வயது ஃபோர்வீல் டிரைவ், ஒருநாள் காலை இடது பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. கம்ப்ரெசர் கோளாறு என்று நினைத்துப் புதிதாக மாற்றினேன். பாதிச் சம்பளம் போனது. இரண்டே வாரத்தில் வண்டி மீண்டும் தாழ்ந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் சோப்பு நீருடன் வந்தார். காற்று ஏற்றி, பின்சக்கரத்தருகே உள்ள ரப்பர் பையிலும் குழாய் இணைப்புகளிலும் தெளித்தார். பையின் மடிப்பில் குமிழிகள்! கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடித்தான் பழைய கம்ப்ரெசர் சூடேறிப் போயிருக்கிறது.

ஒருபக்கம் மட்டும் மெல்லத் தாழ்ந்தால் பையையும் குழாயையும் பாருங்கள். இருபக்கமும் எழவில்லையா? முதலில் ஃபியூஸ், ரிலே, பிறகே கம்ப்ரெசர்.

செம்பனைத் தோட்டச் சேற்றில் ஓட்டினால் பைகளைக் கழுவுங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கடியில் நுழையாதீர்கள். காற்று இறங்கினால் வண்டி நம்மேல்தான்.