நிலக் கணக்குகளும் அவற்றைத் தேடும் வழியும்

நிலமுடையவனுக்கு உழவும் எருவும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமானது அந்நிலத்தின் கணக்கு. பயிர் பொய்த்தால் ஒரு போகம் நஷ்டம். கணக்குப் பிழைத்தால் ஒரு தலைமுறையே அலைய நேரும். சர்க்கார் வசமுள்ள கணக்குகள் பொதுஜனங்களின் பார்வைக்குத் திறந்திருத்தல் மட்டும் போதாது. வேண்டிய ஏடு வேண்டியபோது அகப்படுதலும் வேண்டும்.

ஓர் ஊரின் உதாரணம்

சென்னையில் கிண்டிக்கு அருகே, அடையாற்றங்கரையில் அமைந்தது ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்பது மழைநீரைத் தேக்கும் சிற்றேரிக்குப் பெயர். 1958-ல் அருகே கிண்டித் தொழிற்பேட்டை ஏற்பட்டது; 2015-ல் மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அவ்வூர் மாநகரின் ஒரு பகுதி. வயல் மறைந்தாலும் வயலின் கணக்கு மறையவில்லை.

கிராமமாயிருந்த காலத்தில் நிலத்துக்கு ஸர்வே எண் ஒன்று. நகர ஸர்வே ஆனபின் வார்டு, பிளாக்கு, நகர ஸர்வே எண் என வேறு அடையாளம். பாட்டனாரின் பத்திரத்திலுள்ள எண்ணைக்கொண்டு இன்றைய ஏட்டைத் தேடுபவருக்கு, இரண்டையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டி இல்லையேல் நிலம் இருந்தும் இல்லாததாகவே தோன்றும். ஊரின் பெயரோ ஈக்காட்டுத்தாங்கல், ஈக்காடுதாங்கல், ஈக்கட்டுத்தாங்கல் எனப் பலவாறு எழுதப்படுகிறது. மனிதன் இவற்றை ஒன்றென்று அறிவான். கணினியோ, கற்பித்தாலொழிய, வெவ்வேறு ஊர்கள் என்றே கொள்ளும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது இப்பகுதியிலும் வெள்ளம் புகுந்தது. எந்த நிலம் பட்டா, எது ஏரி அல்லது ஓடைப் புறம்போக்கு என்பது 'அ' பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ளது. மனை வாங்குவோர் அதனை முன்னரே கண்டறிதல் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டவணையின் பயன்

தேடும் வசதி என்பது புதிய யோசனையன்று. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டமே, ஆட்களின் பெயர்வரிசையில் ஓர் அட்டவணையும் சொத்துக்களின் விவரப்படி மற்றோர் அட்டவணையும் வைக்க வேண்டுமென்றும், கட்டணம் செலுத்துவோர் அவற்றைப் பார்வையிடலாமென்றும் விதித்தது. வில்லங்கச் சான்று கிடைப்பது இவ்வட்டவணைகளாலேயே. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, அலுவலகங்கள் தம் ஆவணங்களை எல்லாம் வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைத்தலைக் கடமையாக்கிற்று.

கணினியில் ஏறிய கணக்குகள்

நிலக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் மத்திய சர்க்காரின் திட்டம் 1988-89-ல் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் இன்று பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணையதளத்தில் காணலாம். பதிவுத்துறையின் தளத்தில் பொதுவாக 1975 முதலான வில்லங்க விவரங்களைத் தேடலாம். அதற்கு முற்பட்டவைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்தல் வேண்டும்.

ஆயினும் ஒரு பேதத்தை உணர வேண்டும். பழைய ஏட்டைப் படம்பிடித்து வைத்தால் அதைக் கண்ணால் படிக்கலாமேயன்றி, பெயரைச் சொல்லித் தேட இயலாது. பெயர், தகப்பனார் பெயர், ஊர், எண் ஆகியவை எழுத்தெழுத்தாகப் பதியப்பட்டால்தான் தேடுதல் கைகூடும். அன்றியும், மூலக் கணக்கில் உள்ள பிழையைக் கணினி திருத்தாது; அப்படியே காட்டும். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளுக்காக இன்றும் மனுக்கள் வருகின்றன. பிழை வெளியே தெரிவது தேடும் வசதியின் முதற்பயன் எனலாம்.

செய்யத் தக்கவை

நிலச்சுவான்தார்கள் தம் நிலங்களின் பழைய எண், புதிய எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பத்திரத்துடன் வைப்பது நலம். ஆண்டுதோறும் ஜமாபந்திக்கு முன் கணக்கைப் பார்வையிட்டு, பிழை காணின் உடனே வருவாய்த்துறை அதிகாரிகளிடம் மனுச் செய்ய வேண்டும். பட்டாதார் காலமானால், வாரிசுகள் பட்டா மாறுதலைத் தாமதிக்கலாகாது. பட்டா வருவாய்க் கணக்கேயன்றி உரிமைக்கு முடிவான சாட்சியம் அன்று. ஆகையால் அதனைப் பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் ஒப்பிடுதல் அவசியம்.

கிராம அலுவலர்கள் ஓர் ஊருக்கு ஒரே எழுத்துமுறையைக் கையாள்வதும், உட்பிரிவு செய்யும்போது பழைய எண்ணைத் தவறாது குறிப்பதும், தகப்பனார் பெயரைச் சேர்ப்பதும் சிறு வேலைகளே. கணக்கெழுதும்போது செலவிடும் ஒரு நிமிஷம், பின்னால் ஒரு குடும்பம் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கும் பல வருஷங்களை மிச்சப்படுத்தும். வரப்பைச் செம்மையாக வைப்பவர் வழக்கின்றி வாழ்வார். கணக்கும் ஒரு வரப்பே.