மனை மாறும் கதைமாந்தர்

சிலப்பதிகாரத்தில் நாம் கண்ட மாதவியும் மணிமேகலையும் சாத்தனாரின் காப்பியத்திலும் வருகின்றனர். ஒரு புலவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றொரு புலவர் கதையை முன்னெடுத்தமையால் அவ்விரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். அது கதையின் தொடர்ச்சி. ஒரு கதையுலகிற்கு உரிய மாந்தர், தம் கதையைத் தம் இடத்திலேயே விட்டுவிட்டு, தொடர்பற்ற வேறொரு கதையுலகில் புகுந்து சிறிது நேரம் தோன்றி மீள்வது வேறு வகை. இதனை விருந்துத் தோற்றம் எனலாம். இக்கால மாணவர்கள் இதனை மிகுதியாகக் காண்பது காணொளி விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலுமே ஆகும்.

ஜப்பானின் செகா நிறுவனம் 1991ஆம் ஆண்டு சோனிக் என்னும் நீலநிற முள்ளெலியை உருவாக்கியது. முள்ளெலி நம் தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் வாழும் உயிரி. அச்சம் நேர்ந்தால் உடலைச் சுருட்டிப் பந்தாகிவிடும். அந்த இயல்பையே பாய்ச்சலாக மாற்றினர் படைப்பாளர். நிறமும் நிறுவனத்தின் எழுத்துச் சின்னத்திற்கு உரிய நீலமே. நின்டெண்டோ நிறுவனத்தின் மாரியோவுக்கு எதிராக நிறுத்தப்பட்ட அடையாளச் சின்னம் அது. எனவே, சோனிக்கும் மாரியோவும் ஒரே திரையில் தோன்றுவதை அந்நாளில் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

2001இல் செகா, விளையாட்டுக் கருவிகள் செய்வதை நிறுத்தியது. பிறர் கருவிகளுக்கு விளையாட்டுகளை எழுதித் தரும் நிலைக்கு வந்தது. போட்டி ஓய்ந்தபின் கதவு திறந்தது. 2007இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி வெளிவந்த விளையாட்டில் இருவரும் ஒருங்கே ஓடினர். மறு ஆண்டு நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் வரிசையிலும் சோனிக் இடம்பெற்றது. பகைவர் நண்பரானது கதையின் தேவையால் அன்று, வணிகத்தின் தேவையால் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

2012இல் டிஸ்னி வெளியிட்ட ‘ரெக்-இட் ரால்ஃப்’ திரைப்படத்தில் சோனிக் தோன்றிய முறை இன்னும் நுட்பமானது. விளையாட்டுக் கூடம் இரவில் மூடப்பட்டதும், பொறிகளுக்குள் இருக்கும் மாந்தர் மின்கம்பிகள் வழியே வந்து ஒரு நிலையத்தில் கூடுகின்றனர். அங்கே அறிவிப்பாளராகத் திரையில் தோன்றும் சோனிக், சொந்த விளையாட்டுக்கு வெளியே மடிந்தால் மீண்டும் உயிர்த்தெழ இயலாது என்று எச்சரிக்கிறது. தோற்றம் சில நொடிகளே. ஆயினும் படத்தின் கதை முழுவதும் அந்த ஒரு விதியின்மீதே நிற்கிறது.

ரால்ஃப் உண்மையான பழைய விளையாட்டு ஒன்றின் பாத்திரம் அல்லன். படத்திற்காகப் புதிதாகப் புனையப்பட்டவன். அவனை முப்பதாண்டுப் பழமையுடையவன் என்று நம்பவேண்டுமாயின், நாம் முன்பே அறிந்த முகங்கள் அவனைச் சூழ்ந்திருத்தல் வேண்டும். விருந்தினர் வருகையால் வீட்டாருக்குப் பெருமை சேர்வது ஊர் வழக்கம். இங்கே வீட்டாருக்கு மெய்ம்மையே சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் செகா வெளியிட்ட கார்ப்பந்தய விளையாட்டில் ரால்ஃப் ஓட்டுநராக வந்து எதிர்விருந்து உண்டு சென்றான்.

விருந்தினரை நாம் எவ்வாறு அடையாளம் காண்கிறோம்? சிலிர்த்த முட்கள், நீலநிறம், சிவப்புக் காலணி ஆகியவை மாறாதிருப்பதால்தான். இதனைத் தமிழகச் சிற்பியர் நன்கு அறிந்திருந்தனர். திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பில், குடகனாற்றின் கரையில் உள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயில் வைணவத் தலம். அதன் மண்டபத் தூண்களில் உலகளந்த பெருமாளும் நரசிம்மரும் இருப்பது இயல்பே. அவர்களோடு அகோர வீரபத்திரரும், காலைத் தலைக்குமேல் உயர்த்திய ஊர்த்துவத் தாண்டவரும், தில்லைக்காளியும் ஆளுயரச் சிற்பங்களாக நிற்கின்றனர். மாலவன் மனைக்கு வந்தமைக்காக வீரபத்திரரின் சினம் தணிக்கப்படவில்லை. ஆடுவார் கால் இறக்கப்படவுமில்லை. அவரவர் அடையாளம் அவரவரிடமே உள்ளது. (வழிபாட்டிற்குரிய திருவுருவங்களை விளையாட்டுப் பொம்மைகளோடு ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று, உருவங்கள் இடம்பெயரும் முறை மட்டுமே ஒப்பு.) இடம் மட்டும் கருவறையன்று, தூண். சோனிக்குக்கும் தலைவன் வேடம் தரப்படவில்லை, அறிவிப்பாளர் வேடமே தரப்பட்டது. எனினும் விருந்தினர் வீட்டாராகிவிடுவதும் உண்டு: இதே கோயிலில் சொர்ண ஆகர்ஷண பைரவருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது, தேய்பிறை அட்டமியில் அங்கே திரளாகக் கூடுகின்றனர்.

சிற்பிக்கும் இன்றைய படைப்பாளருக்கும் உள்ள பெரிய வேறுபாடு உரிமை பற்றியது. வீரபத்திரரைச் செதுக்க எந்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டியிருந்ததில்லை. அவர் எல்லார்க்கும் பொது. சோனிக் ஒரு நொடி தோன்றவும் உரிமையாளரின் எழுத்து வழி இசைவு தேவை. தமிழ்த் திரையில் ‘கைதி’ படத்துக் காவலர் நெப்போலியன் 2023இல் ‘லியோ’வில் தோன்றியபோது, இயக்குநர் ஒருவரே ஆயினும் தயாரிப்பு நிறுவனங்கள் வெவ்வேறு. படைத்தவர் விரும்பினாலும் உடையவர் விரும்பாவிடில் பாத்திரம் வாயிலைக் கடக்க இயலாது. ரசிகர்கள் மாரியோவையும் அப்படத்தில் தேடினர். அவர் பெயர் மட்டுமே ஓரிடத்தில் ஒலித்தது.

இந்த உரிமைக்கும் காலவரம்பு உண்டு. 1928இல் வெளிவந்த குறும்படத்தில் தோன்றிய மிக்கி மவுஸ், 2024 சனவரி முதல் நாளன்று அமெரிக்கச் சட்டப்படி பொதுவுடைமையாயிற்று. அந்தத் தொடக்க உருவத்தை அங்கே எவரும் தம் கதைக்குள் அழைத்துக்கொள்ளலாம். பின்னாளில் மாற்றி வரையப்பட்ட உருவங்களுக்கு அவ்வுரிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய ஆண்டு நிறைவுறும் வரை காத்திருக்கிறது.