பனி தள்ளும் லாரியும் நம் ஆப்பிள் பெட்டியும்

மார்கழி விடியலில் பச்சைமலை அடிவாரம் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக் கிடப்பதைத்தான் நாம் பனி என்கிறோம். வெயில் ஏறினால் அது போய்விடும். பெரம்பலூர், அரியலூர் கடைகளில் நாம் அடுக்கி வைத்திருக்கும் காஷ்மீர் ஆப்பிள் கடந்து வரும் பனி அப்படிப்பட்டதல்ல. இயந்திரம் வைத்துத் தள்ளினால்தான் லாரி நகரும்.

இது நமக்கு எதற்கு என்று சில வியாபாரிகள் கேட்கலாம். "சரக்கு வரவில்லை, வழியில் பனி" என்று மண்டியிலிருந்து போன் வந்தால், நம்மில் பலர் அதைச் சாக்கு என்றே எடுத்துக்கொள்கிறோம். "டிரைவரை ஓட்டச் சொல்லுங்கள்" என்று நெருக்குகிறோம். அந்த நெருக்கடி மண்டிக்காரர், புக்கிங் ஏஜெண்ட் என்று கை மாறி, கடைசியில் மலைச்சாலையில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் டிரைவரின் தலையில் இறங்குகிறது.

ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு வரும் சாலையில் 1956-ல் திறந்த ஜவாஹர் சுரங்கம் வரை ஏறித்தான் முன்பெல்லாம் லாரிகள் வர வேண்டும். அங்கே பனி கொட்டினால் பல நாள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2021-ல் பனிஹால் - காசிகுண்ட் இடையே அதற்குக் கீழே சுமார் எட்டரை கிலோமீட்டர் சுரங்கம் திறந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. 2025-ல் காஷ்மீர் ரயில் பாதையும் நாட்டின் மற்றப் பாதைகளோடு சேர்ந்தது. ஆனாலும் லாரியை நம்பாமல் முடியாது. 2018 நவம்பரில் பனி முந்திக்கொண்டு விழுந்து, மரத்தில் காய் இருக்கும்போதே கிளைகள் முறிந்தன.

லடாக் போகும் வழியிலுள்ள ஜோஜி லா கணவாய் இன்னும் கடினமானது. 11,500 அடிக்கு மேல் உயரம். ஒரு காலத்தில் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மூடியே கிடக்கும். எல்லைச் சாலை அமைப்பின் 'பீக்கன்' பிரிவினர் சோனமார்க் பக்கமிருந்தும், 'விஜயக்' பிரிவினர் திராஸ் பக்கமிருந்தும் பனியை வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பார்கள். 2023-ல் 68 நாள் மூடியிருந்த கணவாய், 2025-ல் 32 நாளில் திறந்துவிட்டது.

அத்தனை உயரப் பனிக்குப் புல்டோசரும், பனியை அரைத்துத் தூர வீசும் இயந்திரமும் வேண்டும். ஓரிரு அடிப் பனி என்றால் லாரியின் முன்னால் பூட்டிய இரும்புத் தகடே போதும். நம் வயலில் மாட்டுக்குப் பின்னால் வரும் பரம்புப் பலகை இங்கே முன்னால் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பூட்டுவதால் பனி சுருண்டு சாலை ஓரம் ஒதுங்கும்.

இதில் எடைக் கணக்கு முக்கியம். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ இருக்கும். அதாவது நமது 50 கிலோ மூட்டை இரண்டு. ஈரம் ஏறி இறுகிவிட்டால் அதே அளவு 400 கிலோவைத் தாண்டும். எட்டு மூட்டை! ஆகவே கொட்டி முடியட்டும் என்று காத்திராமல், விழ விழத் தள்ளுவதே முறை. முன்னால் தகடு தொங்குவதால் பின் சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். பின்னால் பாரம் ஏற்றி, டயருக்குச் சங்கிலி கட்டுவார்கள். பனிக்குள் பாறையோ பாலத்தின் இணைப்போ மறைந்திருக்கலாம். வேகமாக மோதினால் டிரைவர் ஸ்டியரிங்கில் போய் இடிப்பார். தடை பட்டால் தகடு மடங்கிக்கொடுக்க ஸ்பிரிங் உண்டு என்றாலும், மெதுவாகப் போவதே காப்பு. பனி விழுமுன்பே சாலை ஓரம் கம்பு நட்டு எல்லை காட்டுவார்கள். இல்லாவிட்டால் எது சாலை, எது பள்ளம் என்றே தெரியாது. வேலை முடிந்து இறங்குமுன் தகட்டைத் தரையில் இறக்கிவிட வேண்டும். ஆயில் குழாய் தாங்குகிறது என்று நம்பித் தூக்கிய தகட்டின் கீழ் கை வைக்கக் கூடாது.

நாம் விற்கும் உப்புக்கும் இங்கே வேலை உண்டு. தள்ளியது போக மிஞ்சும் வழுக்கல் பனியைக் கரைக்கப் பனி நாடுகளில் உப்பைத்தான் தூவுகிறார்கள். கடுங்குளிரில் அது பலிக்காது. வண்டியின் அடிப்பாகமும் துருப்பிடிக்கும்.

பின்னால் வரும் சரக்கு லாரிக்கு முதல் விதி, பனி தள்ளும் வண்டியை முந்தக் கூடாது என்பது. தகடு லாரியைவிட அகலம். கிளம்பும் பனித்தூளில் எதிரே வருவது தெரியாது. அந்த வண்டி அடிக்கடி பின்னால் வரும் என்பதால் ஒட்டியும் நிற்கக் கூடாது. மழைக்குப் பின் நம் கடைத்தெருவில் ஜே.சி.பி. சாக்கடை மண் அள்ளும்போது அதன் முதுகுப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கும் நம்மவர்களை நினைத்தால் பகீரென்கிறது. ஓட்டுபவருக்கு அந்த இடம் தெரியாது.

ஜம்மு - ஸ்ரீநகர் சாலையில் எந்தப் பக்க வண்டிகளை விடுவது என்று போக்குவரத்துப் போலீசார் நாள்தோறும் அறிவிக்கிறார்கள். கனரக வண்டிகளைப் பல நாட்களில் ஒரு திசையில் மட்டுமே அனுப்புவதும் உண்டு. அடுத்த முறை மண்டிக்குப் போன் செய்யும்போது "ஏன் வரவில்லை" என்பதற்குப் பதிலாக "இன்று எந்தப் பக்கம் விடுகிறார்கள்" என்று கேளுங்கள். தைப்பூசம், கல்யாண முகூர்த்தம் என்று தேதி தெரிந்த தேவைக்கு, குளிர்பதனக் கிடங்கில் ஏற்கெனவே இறங்கிவிட்ட சரக்கைப் பத்து நாள் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.