பார்வையின் கயிறுகள் – 9: கிரீன்விச்சில் உயர்ந்த இமை

ஒரு கண்ணைத் திருப்ப ஆறு தசைகள், அவற்றை ஏவ மூன்று நரம்புகள்: மூளை நரம்புகளின் வரிசையில் மூன்றாவதும் நான்காவதும் ஆறாவதும். அவற்றில் மூன்றாம் நரம்பு படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சென்ற வாரம் பார்த்தோம்.

இந்த வாரம் ஆறாம் நரம்பைச் சொல்வதாக இருந்தது. அதற்குள் வேறொன்று குறுக்கே வந்துவிட்டது. நரம்பும் நன்றாக இருக்கும், தசையும் நன்றாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பழுது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். அங்கே கோளாறு வந்தாலும் கண் நின்றுவிடும். இதைப் பற்றித் தேடும்போது 1934-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறிய கடிதம் கிடைத்தது. வாரம் முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

எழுதியவர் மேரி வாக்கர். 1888-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். லண்டன் கிரீன்விச்சில், ஏழைகளுக்காக ஏற்பட்ட செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் உதவி மருத்துவ அதிகாரி. பெரிய பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வுக்கூடமோ அவருக்கு இல்லை. அவருடைய வார்டில் 56 வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். நோய், நரம்பும் தசையும் சந்திக்கும் அந்த இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸ்.

இந்த நோய்க்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடக்கம் கண்ணில்தான். காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார்கள். பொழுது ஏற ஏற இமை சரியும். எதிரே வரும் ஒரு வண்டி இரண்டாகத் தெரியும். டாக்டர் தன் விரலை உயர்த்திப் பிடித்து, இமைக்காமல் அதையே பார்க்கச் சொல்வார். முதலில் இரண்டு இமைகளும் ஒழுங்காகத்தான் நிற்கும். அரை நிமிடம் போனதும் ஒன்று மெல்ல இறங்கத் தொடங்கும். நோயாளி நெற்றியைச் சுருக்கி, புருவத்தைத் தூக்கி, அதைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பார். நிற்காது. சற்று நேரம் கண்ணை மூடி ஓய்வெடுத்தால் மறுபடி எழும். மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தாலும் எழும். இன்றைக்கும் பல மருத்துவமனைகளில் இப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

வாக்கரின் நோயாளியைப் பார்க்க வந்த நரம்பியல் மருத்துவர் டென்னி-பிரவுன், இந்த நோய் கியூராரே விஷம் ஏறியதுபோல் இருக்கிறது என்றார். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் விஷம் அது. அதுவரை எத்தனையோ பேர் கவனித்த ஒற்றுமைதான். வாக்கர் அதற்கு அடுத்த அடியை எடுத்து வைத்தார்: விஷத்தை ஒத்த நோய் என்றால், விஷத்தின் முறிவையே கொடுத்துப் பார்க்கலாமே? கியூராரேவுக்கு முறிவு ஃபைசோஸ்டிக்மின் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி.

ஃபைசோஸ்டிக்மினின் கதையைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. இன்றைய நைஜீரியாவில் உள்ள காலபார் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு கொட்டையைத் தின்னக் கொடுப்பார்கள். செத்தால் குற்றவாளி, வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. அந்தக் கொட்டை எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1863-ல் ஆர்கைல் ராபர்ட்சன் என்ற கண் மருத்துவர் அதன் சாற்றைத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, கண்மணி சுருங்குவதைக் கண்டு எழுதினார். பிறகு அது கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாயிற்று. ஆள் குற்றவாளியா என்று தீர்ப்புச் சொன்ன விஷம், கண் மருந்தாக எழுபது ஆண்டுகள் புழங்கிய பிறகுதான் வாக்கரின் ஊசிக்குள் ஏறியது.

ஊசி போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பெண்மணியின் இடது இமை மேலே போனது. கையில் பலம் வந்தது. விழுங்குவது எளிதாயிற்று. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி. குணமாகவில்லைதான். ஆனால் அதுவரை கையைப் பிசைந்துகொண்டு நின்ற மருத்துவத்துக்கு, இந்தத் தசைகள் சாகவில்லை, ஏவல் மட்டும் போய்ச் சேரவில்லை என்று காட்டியது அந்த இமை. அடுத்த ஆண்டே அவர் நியோஸ்டிக்மின் என்ற மருந்தையும் பயன்படுத்திக் காட்டினார்.

ஏவல் எங்கே தடைப்படுகிறது? நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது; தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டும் சாவியும் என்று வைத்துக்கொள்ளலாம். மயஸ்தீனியாவில் உடலின் எதிர்ப்புச் சக்தியே பூட்டுகளை அடைத்து அழிக்கிறது. வாக்கரின் மருந்து சாவிகள் சிதைந்துபோவதைத் தடுத்து, மிச்சமிருக்கும் பூட்டுகளுக்குக் கூடுதல் வாய்ப்புத் தருகிறது. கண் தசைக்கு நரம்பு அனுப்பும் துடிப்பின் வேகம் கைகால்களுக்குப் போவதைவிட மிக அதிகம். ஆனால் அங்கே இருப்பில் உபரி குறைவு. ஆகவே பற்றாக்குறை வந்தால் முதலில் தெரிவது கண்ணில்.

அந்தப் பூட்டைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பாம்பு. தைவானில் சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள், நம் கட்டுவிரியனின் உறவான ஒரு பாம்பின் விஷத்திலிருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்சினை 1963-ல் பிரித்தெடுத்தார்கள். அது ஏற்பியைப் பிடித்தால் விடாது. அதைக் கொண்டு ஏற்பிகளை எண்ண முடிந்தது. மயஸ்தீனியா நோயாளிகளின் தசையில் அவை வெகுவாகக் குறைந்திருப்பது 1973-ல் வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியில் செலுத்த, அதற்கு எதிராக எழுந்த எதிர்ப்புச் சக்தி சொந்த ஏற்பிகளையும் தாக்கி, முயல்கள் துவண்டு விழுந்தன. நோயின் வேர் பிடிபட்டது. மேரி வாக்கர் அப்போது உயிரோடு இருந்தார், மறுவருடம்தான் மறைந்தார்.

கட்டுவிரியன் என்றதும் நம் ஊருக்கு வந்தாக வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். பல சமயம் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. பிறகு இரண்டு இமைகளும் சரியும், விழி அசையாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சு. பாம்பையே பார்க்காத குடும்பம் வயிற்றுக் கோளாறு என்று கைவைத்தியம் செய்துகொண்டிருக்கும். தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை தொங்கினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

நல்ல பாம்பின் கடியில் வாக்கர் வழிவந்த நியோஸ்டிக்மின் பெரும்பாலும் கைகொடுக்கும். கட்டுவிரியனிடம் அவ்வளவாகப் பலிக்காது. அதன் விஷம் நரம்பின் நுனியையே சிதைத்துவிடுவதால் காப்பாற்றிக் கொடுக்கச் சாவியே இல்லை. விஷமுறிவு மருந்தும் சிதைந்த நுனியைச் சரிசெய்யாது. ஆகவே அதைச் சீக்கிரம் போட வேண்டும். அதன் பிறகு நுனிகள் மறுபடி வளரும் வரை, சில நாட்களோ சில வாரங்களோ, வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும்.

மிக முக்கியமான ஒன்று. கட்டுவிரியன் கடித்தவரின் கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் இருக்கலாம். விழி அசையாது, கை அசையாது. பார்ப்பவர்களுக்கு மூளைச்சாவு போலத் தோன்றும். ஆனால் அவர் விழித்திருக்கலாம்; சுற்றி நிற்பவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். கட்டுவிரியன் கடியில் கண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன. இமையை விரலால் தூக்கிவிட்டு, பெயர் சொல்லி அழைத்து, கால் விரலை அசைக்க முடிகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

விஷமுறிவுக்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் எடுத்துவரும், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதற்கு முன், தலையில் அழுத்தம் கூடும்போது எளிதில் அடிபட்டுவிடும் ஆறாம் நரம்பு, அடுத்த வாரம்.